திருடுபோன கார் சாவிக்கு மாற்று: கார் நிற்கும் இடத்துக்கே வந்து செய்யும் சேவை எப்படி இருந்தது?

கார் சாவி தொலைவதும் திருடுபோவதும் ஒன்றுபோலத் தெரிந்தாலும், சாவி செய்பவரிடம் நாம் வாங்க வேண்டிய வேலை இரண்டிலும் வேறு. தொலைந்த சாவிக்குப் பெரும்பாலும் இன்னொரு சாவி இருந்தால் போதும். திருடுபோன சாவி என்றால், புதுச் சாவி கிடைப்பது இரண்டாம்பட்சம். எவன் கையிலோ இருக்கும் பழைய சாவியால் இனி அந்தக் காரைத் திறக்கவும் கிளப்பவும் முடியாதபடி செய்வதுதான் முதல் வேலை. கைப்பையோடு என் கார் சாவியும் களவுபோன பிறகு, வாகனம் நிற்கும் இடத்துக்கே வந்து சாவி வெட்டி, புரோகிராம் செய்து தரும் ஒரு நடமாடும் சேவையைப் பயன்படுத்தினேன். அதை இந்த ஓர் அளவுகோலை வைத்தே மதிப்பிடுகிறேன். புதுச் சாவியின் அழகும், வேலை முடிந்த வேகமும் அதற்கு அடுத்தபடிதான்.

என்னுடையது சாவியைச் செருகித் திருப்பிக் கிளப்பும் வகைக் கார். பொத்தானை அழுத்தினால் பிளேடு வெளியே விரியும் ஃபிளிப் சாவி. பார்வைக்கு ஒரே பொருளான அதற்குள் மூன்று தனித்தனிச் சாவிகள் இருக்கின்றன என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். பூட்டைத் திருப்பும் பிளேடு ஒன்று. கதவைத் தூரத்திலிருந்தே திறந்து பூட்டும் ரிமோட் இன்னொன்று. அது நாணயம் போன்ற சிறு பேட்டரியில் இயங்கி, நாட்டைப் பொறுத்து 315 அல்லது 433.92 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் காருக்குக் கட்டளை அனுப்புகிறது. மூன்றாவது, டிரான்ஸ்பாண்டர் எனப்படும் சின்னஞ்சிறு சிப். அதற்குப் பேட்டரி கிடையாது. இக்னிஷன் பூட்டைச் சுற்றியிருக்கும் ஆன்டெனா வளையம் சுமார் 125 கிலோஹெர்ட்ஸில் தரும் ஆற்றலைக் கொண்டே உயிர்பெற்று, உரிய சாவி இல்லாமல் எஞ்சின் ஓடாதபடி தடுக்கும் இம்மொபிலைசர் என்ற காரின் கருவி கேட்கும் கேள்விக்குச் சங்கேத விடை சொல்கிறது. அந்த விடை பொருந்தினால்தான் எஞ்சின் தொடர்ந்து ஓடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 அக்டோபர் முதலும், ஆஸ்திரேலியாவில் 2001 ஜூலை முதலும், கனடாவில் 2007 செப்டம்பர் முதலும் புதிய கார்களில் இம்மொபிலைசர் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது என்பதிலிருந்தே, திருட்டைத் தடுப்பதில் அந்தச் சிப்பின் பங்கு எவ்வளவு பெரியது என்று தெரிந்துகொள்ளலாம். ஆக, என் கார் போன்ற ஒன்றில் திருடுபோனது ஒரு சாவியல்ல, மூன்று. அவற்றில் ஒன்றைச் செல்லாததாக்கினால் மற்ற இரண்டும் தாமாகச் செல்லாததாகிவிடுவதில்லை.

இந்த வேறுபாட்டை முதலில் நான் அணுகிய சர்வீஸ் சென்டர் சொல்லவில்லை. சேஸிஸ் எண்ணைக் கொடுத்தால் கூடுதல் சாவி வரவழைத்துத் தருவதாகச் சொன்னார்கள். திருடுபோன சாவியை என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, புதுச் சாவி போட்டதும் பழையது தானாகவே போய்விடும் என்று முன்மேசையில் இருந்தவர் பதில் சொன்னார். இது தவறான தகவல். இம்மொபிலைசர் தன் நினைவகத்தில் வைத்திருக்கும் சாவிப் பட்டியலில் இடம் இருக்கும்வரை புதுச் சாவி பழையவற்றோடு ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். யாராவது வேண்டுமென்றே அழித்தால் ஒழிய எந்தச் சாவியும் பட்டியலைவிட்டுப் போகாது. அந்தப் பதிலை நம்பிக் கூடுதல் சாவி ஒன்றை வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் ஒருவர், பணம் செலவழித்த பிறகும் திருடனோடு காரைப் பங்குபோட்டுக்கொண்டுதான் இருப்பார். பட்டறையின் உள்ளே வேலை செய்பவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது. வாடிக்கையாளரிடம் பேசுபவருக்குத் தெரியவில்லை என்பதே எனக்குப் போதிய காரணமாக இருந்தது.

நடமாடும் சேவையில் தொலைபேசியை எடுத்த பெண், மாடலும் ஆண்டும் கேட்ட கையோடு, சாவி தொலைந்ததா, திருடுபோனதா என்று தனியாகக் கேட்டார். திருட்டு என்றதும், ஆள் வந்து சேரும்வரை செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொன்னார்: காரை எடுக்க முடியாதபடி முன்னால் இன்னொரு வண்டியை நெருக்கி நிறுத்துங்கள், ஸ்டீயரிங்கில் மாட்டும் இரும்புப் பூட்டு இருந்தால் மாட்டுங்கள், காருக்குள் இருக்கும் ஆவணங்களை வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள், அதே கொத்தில் வீட்டுச் சாவியும் இருந்தால் அந்தப் பூட்டை இன்றைக்கே மாற்றிவிடுங்கள். பையோடு சாவியை எடுத்துப்போனவனுக்குப் பையில் இருந்த அட்டைகளிலிருந்து முகவரியும் கிடைத்திருக்கும் என்பதால், இவை ஒவ்வொன்றும் தேவையான எச்சரிக்கை. எங்களிடம் வாங்குங்கள் என்று சொல்வதற்கு முன் இதைச் சொன்னார்கள் என்பதை நான் மிகவும் மதிக்கிறேன்.

பதிவுச் சான்று, புகைப்பட அடையாள அட்டை, காவல் நிலையத்தில் கொடுத்த புகாரின் நகல் ஆகியவற்றை எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார்கள். நேரில் வந்த டெக்னீஷியன், முன்கண்ணாடியின் ஓரத்திலும் கதவுத் தூணிலும் இருந்த சேஸிஸ் எண்ணைப் பதிவுச் சான்றோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கருவிப் பெட்டியைத் திறந்தார். இதைத் தொல்லையாக நினைப்பவர்கள் உண்டு. ஆவணம் எதுவும் பார்க்காமல் எனக்குச் சாவி செய்து தருகிறவர், என் காரைக் காட்டி இன்னொருவர் கேட்டாலும் செய்து தருவார் என்பதை அவர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும்.

வேலை தொடங்கிய விதம் எனக்குப் பிடித்தது. எடுத்தவுடன் அழிக்காமல், என்னிடம் மிச்சமிருந்த ஸ்பேர் சாவியைக் கையடக்கமான ஒரு ரீடரில் வைத்து, அதன் சிப் அசலா, நகலா என்று பார்த்தார். ஏன் என்று கேட்டேன். "இது திருடுபோன சாவியின் குளோனாக இருந்தால், நாம் செய்யப்போகும் வேலை வீண், சார்" என்றார். அதன் காரணத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். டிரான்ஸ்பாண்டர் சிப் ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண் உண்டு. மலிவாகச் செய்யப்படும் டூப்ளிகேட் சாவிகள் பலவற்றில் புதிய அடையாளம் எதுவும் காரில் பதியப்படுவதில்லை. அசல் சிப்பின் எண்ணும் ரகசியமும் வேறொரு சிப்பில் அப்படியே எழுதப்படுகின்றன. காரைப் பொறுத்தவரை அசலும் குளோனும் ஒரே சாவி. ஸ்பேர் சாவி அப்படிப்பட்டதாக இருந்தால், பட்டியலை அழித்துவிட்டு அதை மறுபடி சேர்க்கும் அந்த நொடியிலேயே, திருடன் கையில் உள்ளதும் மறுபடி செல்லுபடியாகிவிடும். பழைய காரை வாங்கியவர்களும், முன்பு எப்போதோ கடைவீதியில் டூப்ளிகேட் செய்துகொண்டவர்களும் இதைக் கட்டாயம் சோதிக்கச் சொல்ல வேண்டும். ஸ்பேர் குளோன் என்று தெரிந்தால் அதைத் திரும்பச் சேர்க்கக் கூடாது. புதுச் சிப் போட்டே சேர்க்க வேண்டும். என்னுடையது அசல்.

அடுத்து, பேட்டரியின் மின்னழுத்தம் சரியாமல் தாங்கிப்பிடிக்கும் ஒரு சார்ஜரை இணைத்தார். இக்னிஷனை நெடுநேரம் ஆன் செய்து வைத்திருக்க வேண்டிய வேலை இது. பாதியில் மின்னழுத்தம் குறைந்தால் இம்மொபிலைசரின் நினைவகத்தில் எழுதுவது அறுந்துபோய், இருக்கிற சாவியும் வேலை செய்யாமல் போகக்கூடும். அதன் பிறகே ஸ்டீயரிங்குக்குக் கீழே, காரின் கணினிகளோடு வெளிக்கருவிகளை இணைப்பதற்காக உள்ள 16 முனை ஓபிடி (OBD) சாக்கெட்டில் கருவியைச் செருகினார். திரையை என் பக்கம் திருப்பி வைத்தார். பதிவான சாவிகள் 2 என்று காட்டியது: களவுபோனது ஒன்று, என் கையில் இருக்கும் ஸ்பேர் ஒன்று. சில கார்களில் குறிப்பிட்ட ஒரு சாவியை மட்டும் தேர்ந்து முடக்க முடியும். மற்றவை பலவற்றில் பட்டியல் முழுவதையும் அழித்துவிட்டு, கையில் உள்ள சாவிகளை மட்டும் மறுபடி சேர்ப்பது ஒன்றே வழி. என் கார் இரண்டாவது வகை. வெளியூரில் இருக்கும் குடும்பத்தாரிடம் ஒரு சாவி இருந்தால் அதுவும் அன்றோடு செல்லாது என்பதால், எல்லாச் சாவிகளையும் ஒன்றுசேர்த்த பிறகே நாள் குறிக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள்.

அழித்தபின் திரையில் 0 என்று வந்தது. அவர் உடனே சாவிகளைச் சேர்க்கவில்லை. ஸ்பேர் சாவியை என்னிடமே கொடுத்து, ஸ்டார்ட் செய்து பார்க்கச் சொன்னார். எஞ்சின் ஒரு நொடி பிடித்து, அப்படியே அணைந்துபோனது. டேஷ்போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு வேகமாகச் சிமிட்டியது. திருடுபோன சாவி நம்மிடம் இல்லாததால் அது செத்துவிட்டதா என்று நேரடியாகச் சோதிக்க வழியில்லை. அதே பட்டியலில் இருந்த இன்னொரு சாவி செத்திருப்பதைக் காட்டுவதுதான் கிட்டத்தட்ட முழுமையான சான்று. நான் கேட்காமலேயே அந்தச் சான்றைக் கொடுத்தார். பிறகு ஸ்பேரையும் புதியதையும் சேர்த்ததும் திரை மறுபடி 2 என்று காட்டியது. முதலிலும் 2, கடைசியிலும் 2 என்பதால் ஒன்றும் நடக்கவில்லையோ என்று தோன்றலாம். உண்மையில் இந்த எண்தான் கவனிக்க வேண்டியது. கூடுதல் சாவியை மட்டும் சேர்த்திருந்தால் 3 என்று காட்டியிருக்கும். திருட்டுக்குப் பிறகு சாவி போடுபவர் யாராக இருந்தாலும், வேலை முடிந்ததும் அந்த எண்ணைக் காட்டச் சொல்லி, அது உங்கள் கையில் இருக்கும் சாவிகளின் எண்ணிக்கையோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

ரிமோட் விஷயத்தில் நான் கற்றுக்கொண்டது இன்னும் பயனுள்ளது. பட்டியலில் 0 இருந்த அந்த இடைவெளியில், ஸ்பேர் சாவியின் ரிமோட்டை அழுத்தச் சொன்னார். எஞ்சினைக் கிளப்ப முடியாத அதே சாவி, நான்கு கதவுகளையும் வழக்கம்போல் திறந்துகொடுத்தது. என் காரில் ரிமோட்டுக்கான பதிவு இம்மொபிலைசரில் இல்லை. கதவுகளையும் விளக்குகளையும் கட்டுப்படுத்தும் வேறொரு கட்டுப்பாட்டுப் பெட்டியில் இருக்கிறது. சிப்பை அழித்ததோடு நிறுத்தியிருந்தால், திருடன் வாகன நிறுத்தத்தில் நின்று பொத்தானை அழுத்திப் பார்த்தே என் காரைக் கண்டுபிடித்து, சத்தமில்லாமல் உள்ளே ஏறியிருக்க முடியும். காரை ஓட்டிப்போக முடியாவிட்டாலும் உள்ளே இருப்பதை அள்ளிப்போகலாம். சிப்பும் ரிமோட்டும் ஒன்றாகவே பதியும் கார்களும் இருக்கின்றன என்பதால், உங்கள் கார் எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். என் காருக்கு அவர் அந்தப் பட்டியலையும் தனியாக அழித்து, இரண்டு ரிமோட்டுகளையும் புதிதாகச் சேர்த்தார்.

இனி மிஞ்சியிருந்தது பிளேடு. இந்த இடத்தில்தான் சேவைக்கு நான் முழு மதிப்பெண் தர மறுக்கிறேன். எலக்ட்ரானிக் வேலை முடிந்ததும், "இனிப் பயமில்லை, சார். வண்டியை ஸ்டார்ட் பண்ண முடியாது" என்று சொல்லிக் கருவிகளை எடுத்துவைக்கத் தொடங்கினார். ஸ்டார்ட் செய்ய முடியாது என்பது உண்மை. ஆனால் களவுபோன பிளேடு ஓட்டுநர் கதவின் துளையில் இன்னும் திரும்பும், இக்னிஷனிலும் திரும்பி ஸ்டீயரிங் பூட்டை விடுவிக்கும். ஸ்டீயரிங் விடுபட்ட காரைத் தள்ளிக்கொண்டோ கட்டி இழுத்துக்கொண்டோ போகலாம். இதைச் சுட்டிக்காட்டியபோது அவர் மறுக்கவில்லை. பெரும்பாலானவர்கள் இவ்வளவு போதும் என்று சொல்லிவிடுவதால் கேட்டால் மட்டும் செய்வதாகச் சொன்னார். எனக்கு இந்த விளக்கம் ஏற்புடையதல்ல. எது மிச்சமிருக்கிறது என்று சொல்லி, வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்க வாடிக்கையாளரிடம் விட்டிருக்க வேண்டும்.

செய்த பிறகு வேலை மிகச் சுத்தமாக இருந்தது. கதவின் பூட்டு உருளையைக் கழற்றி, அதிலுள்ள மெல்லிய பித்தளைத் தகடுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து ஒரு துணியின்மேல் வரிசையாக வைத்தார். ஒவ்வொரு தகட்டின் நடுவிலும் ஒரு சிறு திறப்பு. திறப்பின் உயரம் தகட்டுக்குத் தகடு வேறுபடுகிறது, சாவியின் வெட்டுகள் எல்லாத் தகடுகளையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தால்தான் உருளை திரும்பும். சிலவற்றை இடம் மாற்றி, சிலவற்றுக்குப் பதிலாகப் பெட்டியிலிருந்து வேறு தகடுகளைப் போட்டு, இக்னிஷன் உருளையையும் அதே வரிசைக்குக் கொண்டுவந்தார். புதிய வரிசைக்கேற்பப் புது பிளேடு வெட்டி, என் ஸ்பேர் சாவியில் பழைய பிளேடைப் பிடித்திருந்த சிறு ஊசியைத் தட்டி எடுத்து, அதிலும் புது பிளேடைப் பொருத்தினார். சிப் சாவியின் தலைப்பகுதியில் இருப்பதால் இந்த மாற்றத்தால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. டிக்கியின் உருளையை மட்டும் நானே வேண்டாம் என்றேன். என் காரில் அது உள்ளிருந்தும் ரிமோட்டிலும் திறப்பதால், வெளித்துளையை அவர் செயலிழக்கச் செய்துவிட்டார்.

பிளேடை இயந்திரத்தில் வெட்டிய முறையையும் குறிப்பிட வேண்டும். தேய்ந்த சாவியைப் பார்த்துப் புதுச் சாவி வெட்டினால் தேய்மானமும் சேர்ந்தே நகலாகும். இவர் வெட்டுகளின் ஆழங்களைக் குறியீட்டு எண்ணாகக் கணினியில் கொடுத்து வெட்டினார். துளையில் சாவி தடையின்றி இறங்குகிறது, திரும்புகிறது. சாவியின் கூடு அவ்வளவு திருப்தியாக இல்லை. அசல் நிறுவனத்தின் கூட்டைவிட எடை குறைவு, பொத்தான்கள் கொஞ்சம் அழுத்தமாக இருக்கின்றன, விரித்த நிலையில் பிளேடில் லேசான ஆட்டம் இருக்கிறது. விலை குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பதால் ஏற்றுக்கொண்டேன். அசல் கூடுதான் வேண்டும் என்பவர்கள் முன்கூட்டியே கேட்டால் வரவழைத்துத் தருகிறார்கள்.

எனக்குப் பெரிய உறுத்தலாக இருப்பது வேறொன்று. இந்த வேலையைச் செய்யும்போது, என் காரின் பூட்டுக் குறியீடும் இம்மொபிலைசரின் ரகசியப் பின் (PIN) எண்ணும் டெக்னீஷியனின் கைக்குப் போகின்றன. பின் எண்ணும் சரியான கருவியும் இருந்தால் இன்னொரு சாவியைச் சேர்ப்பது கடினமான வேலையல்ல. இந்த எண்களை என்ன செய்வீர்கள் என்று கேட்டபோது, ஒரு தாளில் எழுதி என்னிடம் கொடுத்துவிட்டு, கருவியில் இருந்த பதிவை என் கண்ணெதிரே அழித்தார். அது நல்ல செயல். ஆனால் அலுவலகக் கணினியில் இருப்பது எவ்வளவு காலம் இருக்கும், யார் பார்ப்பார்கள் என்பதற்கு எழுத்துவடிவக் கொள்கை எதுவும் அவர்களிடம் இல்லை. திருட்டால் பாதிக்கப்பட்டு வருகிறவர்களுக்குச் சேவை செய்யும் நிறுவனம் இதை உறுதியாக எழுதி வைத்திருக்க வேண்டும்.

எல்லோருக்கும் இந்தச் சேவை பொருந்தாது. பட்டனை அழுத்திக் கிளப்பும் ஸ்மார்ட் சாவி உள்ள கார்களில் பெரும்பாலும் இக்னிஷன் உருளையே கிடையாது. ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் அவசர பிளேடு கதவை மட்டுமே திறக்கும் என்பதால் பூட்டு மாற்றும் வேலை அங்கே சிறியது, புரோகிராமிங் வேலை பெரியது. 2018 மாடல் முதல் ஃபியட் கிரைஸ்லர் குழுமத்தின் கார்களில் வந்ததுபோல, ஓபிடி வழியே உள்ளே நுழையவே உற்பத்தியாளரின் அனுமதி கேட்கும் பாதுகாப்பு வாயில் கொண்ட வாகனங்களும் இப்போது இருக்கின்றன. அப்படிப்பட்ட காருக்கும், உத்தரவாதக் காலம் முடியாத காருக்கும் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரே ஏற்றது. ஆனால் கூடுதல் சாவி வேண்டும் என்று கேட்காமல், திருடுபோன சாவியை நீக்க வேண்டும் என்று சொல்லி, வேலைச் சீட்டில் அப்படியே எழுதச் செய்யுங்கள். கைப்பேசியையே சாவியாகப் பயன்படுத்தும் காராக இருந்து, கைப்பேசியும் சேர்ந்து களவுபோயிருந்தால், உற்பத்தியாளரின் கணக்கிலிருந்து அந்தக் கைப்பேசியை நீக்குவதை டெக்னீஷியனுக்காகக் காத்திருக்காமல் நீங்களே உடனே செய்துவிடலாம். ஸ்பேர் சாவியும் இல்லாமல் எல்லாச் சாவிகளையும் இழந்தவர்களுக்கு வேலை கடினமாகும், செலவும் கூடும். சில கார்களில் கட்டாயக் காத்திருப்பு நேரமும் உண்டு. ஆனாலும் காரைக் கட்டி இழுத்துப்போக வேண்டிய தேவை இல்லாமல் நின்ற இடத்திலேயே முடியும் என்பதால், அவர்களுக்குத்தான் நடமாடும் சேவை அதிகம் உதவும்.

முதலில் கொடுத்த ரசீதில் "சாவி 1, புரோகிராமிங்" என்று மட்டுமே இருந்தது. காப்பீட்டு நிறுவனம் பழைய சாவி செயலிழக்கச் செய்யப்பட்டதற்கு எழுத்துவடிவச் சான்று கேட்டிருந்ததால், திருத்தித் தரச் சொன்னேன். தயங்காமல் வேறு ரசீது போட்டார்கள்: முன்பிருந்த பதிவுகள் அனைத்தும் அழிக்கப்பட்டன, தற்போது பதிவில் உள்ள சாவிகள் 2, ரிமோட்டுகள் 2, ஓட்டுநர் கதவு மற்றும் இக்னிஷன் உருளைகள் மாற்றி அமைக்கப்பட்டன, சேஸிஸ் எண், தேதி, கையொப்பம். திருட்டு என்று சொல்லி வரும் ஒவ்வொருவருக்கும் இந்த இரண்டாவது ரசீதையே இவர்கள் கேட்காமல் கொடுக்க வேண்டும்; பூட்டு உருளைகளைப் பற்றியும் தாமாகவே எடுத்துச் சொல்ல வேண்டும். இவ்விரண்டையும் நீங்களே கேட்டு வாங்கிக்கொள்வீர்கள் என்றால், சாவி செருகும் வகைக் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சேவையைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன்.